கற்பூர மர இலைச்சாற்றில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்: மலை ஆய்வகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

உதகை, குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் முதுநிலை ஆய்வேட்டுக்காகத் தாவர வழியில் நானோ துகள் தயாரிக்க முற்படும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். இலையைக் கொதிக்கவைத்து, உலோக உப்புக் கரைசலில் ஊற்றி, வெண்தூள் கிடைத்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். அந்தத் தூள் உருவானதில் இலையின் பங்கு என்ன என்று தேர்வாளர் கேட்கும்போது, காட்டுவதற்கு ஒப்பு மாதிரி எதுவும் அவர்கள் கையில் இருப்பதில்லை. அந்தக் கேள்விக்கு முதல் நாளிலிருந்தே விடை சேரும்படி இங்கு வேலையின் வரிசை அமைக்கப்பட்டுள்ளது.

எடுத்துக்கொண்ட தாவரம் கற்பூர மரம், அதாவது நீலகிரித் தைலம் காய்ச்சப்படும் யூகலிப்டஸ் குளோபுலஸ். எடுத்துக்கொண்ட பொருள் துத்தநாக ஆக்சைடு. வேறு இலையைப் பயன்படுத்துவோருக்கும் அளவுகள் மாறுமே தவிர வரிசை மாறாது.

1. முதலில் வேதியியல்

வெள்ளி நானோ துகளில் வெள்ளி அயனி எலக்ட்ரானைப் பெற்று உலோகமாக ஒடுங்குகிறது. அந்த எலக்ட்ரானைத் தருவது இலைச்சாற்றின் பாலிபீனால்கள் எனப்படும் தாவர வேதிப்பொருள்கள். துத்தநாக ஆக்சைடில் அப்படி எதுவும் நடப்பதில்லை. உப்பிலும் ஆக்சைடிலும் துத்தநாகம் இரட்டை நேர்மின் நிலையிலேயே இருக்கிறது. ஆகவே "சாறு துத்தநாக அயனியை ஒடுக்கி ஆக்சைடாக்கியது" என்று எழுதுவது பிழை. எத்தனையோ ஆய்வேடுகளில் இந்த வாக்கியம் அப்படியே படியெடுக்கப்பட்டு வருகிறது.

சாறு செய்யும் வேலை வேறு. அதிலுள்ள டானின், ஃபிளேவனாய்டு வகைப் பாலிபீனால்கள் துத்தநாக அயனியைப் பற்றிக்கொண்டு, காரம் (இங்கு சோடியம் ஹைட்ராக்சைடு) சேரும்போது வீழ்படிவு உருவாகும் வேகத்தைக் குறைக்கின்றன. உருவான துகளின் மேற்பரப்பில் ஒட்டி, அது மேலும் வளர்வதையும் அண்டைத் துகளோடு சேர்வதையும் தடுக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால், காரம் ஏன் தேவை, அதை ஏன் மெதுவாகச் சேர்க்க வேண்டும், சாறு இல்லாத ஒப்பு மாதிரி ஏன் கட்டாயம் என்பவை தாமே விளங்கும்.

2. முன்கூட்டியே இருக்க வேண்டியவை

துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட், சோடியம் ஹைட்ராக்சைடு, வாலை வடிநீர், எத்தனால், காந்தக் கலக்கியோடு கூடிய சூடேற்றி, வெப்பமானி, பிஎச் மானி, மைய விலக்கி, 500 டிகிரி வரை செல்லும் மஃபிள் உலை, மூடியுள்ள பீங்கான் மூசைகள், சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்கலன் ஆகியவை வேண்டும். தூளைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் நுண்துகள் வடிக்கும் முகக்கவசமும் அணிய வேண்டும். துணிக் கவசம் நானோ தூளைத் தடுக்காது.

துத்தநாக நைட்ரேட் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசியும் உப்பு. மூடுபனிக் காலத்தில் உதகையில் புட்டியைத் திறந்து வைத்தால் தட்டிலேயே எடை கூடிக்கொண்டு போகும். இரண்டாவது காரணம் பாதுகாப்பு. நைட்ரேட் ஆக்சிஜனேற்றி; உலர்ந்த இலைச்சாறு எரிபொருள். இரண்டும் கலந்த பசையைக் கழுவாமல் நேரே உலையில் வைக்கும் செய்முறைகள் அச்சில் நிறைய உள்ளன. அந்தப் பசை உலைக்குள் திடீரென்று பற்றி எரியக்கூடும். செம்பழுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவும் வெளிவரும். முதன்முறை செய்பவர் இதற்குள் இறங்க வேண்டிய தேவை இல்லை.

உயரத்தின் விளைவையும் முன்பே கணக்கில் எடுக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். "100 டிகிரியில் 20 நிமிடம்" என்று சமவெளியில் எழுதப்பட்ட செய்முறையை இங்கு நிறைவேற்ற முடியாது. சூடேற்றியின் எண்ணைக் கூட்டுவதால் நீர்தான் வற்றும், சாறு சூடேறாது. அதனால்தான் கீழே சாறு எடுத்தலுக்கும் கலத்தலுக்குமான வெப்பநிலைகள் 80 டிகிரிக்கு உட்பட்டே தரப்பட்டுள்ளன. மலையில் செய்ததைக் கோயம்புத்தூரில் இன்னொருவர் திருப்பிச் செய்து பார்க்க வேண்டுமானால் இதுவே நேர்மையான வழி.

3. இலையைத் தேர்ந்து உலர்த்துதல்

கற்பூர மரத்தில் இரண்டு வகை இலைகள் உண்டு. இளங்கன்றிலும் வெட்டிய அடிமரத்தில் துளிர்க்கும் கிளைகளிலும் இலைகள் அகன்று, காம்பில்லாமல், எதிரெதிராக, வெண்சாம்பல் பூச்சோடு இருக்கும். முதிர்ந்த மரத்தில் அவை அரிவாள் போல் வளைந்து, காம்போடு, மாறி மாறி அமைந்திருக்கும். இரண்டின் வேதிக் கூறுகளும் ஒன்றாக இரா. ஒரு தொகுதிக்கு ஒரே வகையை, கூடுமானால் ஒரே மரத்திலிருந்து பறிக்க வேண்டும். முதிர்ந்த இலையை எடுப்பது நல்லது. அதன் மெழுகுப் பூச்சு குறைவு, அடையாளமும் ஐயமில்லாதது.

கற்பூரத் தோட்டங்கள் பல வனத்துறையின் பொறுப்பிலும் சில தனியாரிடமும் உள்ளன. இடத்துக்குரியவரின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சோலைக்காட்டுச் செடி எதையும் இதற்காகப் பறிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மெதுவாக வளர்ந்து, சுருங்கிக்கொண்டே வரும் அந்தக் காட்டைத் தொடாமலேயே, வெளியிலிருந்து வந்து மலையை நிறைத்துவிட்ட கற்பூர மரமும் உண்ணிச்செடியும் இந்த வேலைக்குப் போதுமானவை.

பூவோ காயோ உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற ஓரிடத்தில் இனத்தை உறுதிசெய்து சான்று பெறுங்கள். நீலகிரியில் ஒன்றுக்கு மேற்பட்ட யூகலிப்டஸ் இனங்கள் நடப்பட்டுள்ளதால், இந்தச் சான்று இல்லாத ஆய்வின் முதல் வரியே கேள்விக்குள்ளாகும்.

இலையைத் துணிப்பையில் கொண்டுவந்து, குழாய் நீரில் தூசு போகக் கழுவி, கடைசியில் வாலை வடிநீரில் அலசுங்கள். நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். ஆடி மாத மழையிலும் ஐப்பசி மழையிலும் மலையில் நிழலுலர்த்தல் பலிக்காது. மூன்றாம் நாளே நடு நரம்பருகே பூஞ்சணம் பூக்கும், பூஞ்சணம் தன் வேதிப்பொருள்களையும் சாற்றில் கலந்துவிடும். அந்த மாதங்களில் காற்றுச் சுழலும் உலர்ப்பியில் 40 டிகிரியில் உலர்த்துங்கள். மடித்தால் இலை நொறுங்க வேண்டும். அதன் பிறகே பொடியாக்க வேண்டும்.

4. சாறு எடுத்தல்

10 கிராம் இலைப்பொடியை 100 மில்லிலிட்டர் வாலை வடிநீரில் இட்டு, மூடியோடு, நீர்த்தொட்டியில் 80 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். ஆறியபின் மெல்லிய துணியில் ஒருமுறை, வடிதாளில் ஒருமுறை வடித்து, மைய விலக்கியிலும் சுற்றித் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். நுண்ணிய இலைத்துணுக்கு தங்கினால் அதுவே படிகம் வளரும் கருவாகிவிடும்.

குழாய் நீரையோ இரும்புப் பாத்திரத்தையோ பயன்படுத்தக் கூடாது. டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கூட்டுப்பொருள் உண்டாகும். சாறு வழக்கமான செம்பழுப்பை விட்டுக் கருமையடைந்தால் இரும்பு கலந்துவிட்டது என்று கொண்டு அந்தச் சாற்றை விலக்கிவிடுங்கள்.

அடுத்து, புதியவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் ஒரு படி இருக்கிறது. 5 மில்லிலிட்டர் சாற்றை எடையறிந்த கிண்ணத்தில் 105 டிகிரியில் வற்றவைத்து, எஞ்சிய திடப்பொருளின் எடையைக் குறியுங்கள். ஃபோலின் – சியோகால்டியு என்னும் நிறமாற்ற முறையில் மொத்தப் பீனால் அளவையும் காலிக் அமில அளவுகோலில் கண்டறியுங்கள். இலையின் செறிவு பருவத்துக்கும் மரத்துக்கும் ஏற்ப மாறுவதால், "50 மில்லிலிட்டர் சாறு சேர்த்தேன்" என்பது எந்த அளவையும் தெரிவிப்பதில்லை. இத்தனை மில்லிகிராம் பீனால் சேர்ந்தது என்பதே திருப்பிச் செய்யத்தக்க குறிப்பு.

சாற்றைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்து ஓரிரு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

5. நான்கு முகவைகள்

2.195 கிராம் துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட்டை 50 மில்லிலிட்டர் வாலை வடிநீரில் கரைத்தால் 0.2 மோலார் கரைசல் கிடைக்கும், அதில் 0.01 மோல் துத்தநாகம் உள்ளது. ஒரே நாளில், ஒரே வெப்பநிலையில் நான்கு முகவைகளை அடுத்தடுத்துச் செய்யுங்கள்.

முதல் முகவையில் துத்தநாகக் கரைசல், 50 மில்லிலிட்டர் சாறு, காரம் ஆகிய மூன்றும் சேரும். இரண்டாவதில் சாற்றுக்குப் பதில் வெறும் நீர். மூன்றாவதில் துத்தநாகமும் சாறும் மட்டும், காரம் இல்லை. நான்காவதில் துத்தநாகம் இல்லை. நீர், சாறு, காரம் மட்டும்.

இரண்டாவது முகவையிலும் நானோ அளவுத் துகள் கிடைக்கும் என்பதை முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். காரத்தால் மட்டுமே துத்தநாக ஆக்சைடு உருவாகும். சாறு சேர்த்ததால் துகளின் அளவோ வடிவமோ ஒட்டும் தன்மையோ எவ்வளவு மாறியது என்ற வேறுபாடுதான் உங்கள் ஆய்வின் முடிவு. அந்த முகவை இல்லாவிட்டால் ஆய்வுக்கு முடிவே இல்லை.

6. கலத்தல்: வரிசையும் வேகமும்

துத்தநாகக் கரைசலை 60 டிகிரியில் கலக்கிக்கொண்டே சாற்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, 30 நிமிடம் விடுங்கள். இந்தக் கட்டத்தில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறக் கலங்கல் தோன்றலாம். அது துத்தநாகமும் டானினும் சேர்ந்த கூட்டுப்பொருள். நானோ துகள் தோன்றிவிட்டதாக இதைக் கண்டு மகிழ்ந்து இங்கேயே நிறுத்துபவர்கள் பலர். நிறமாற்றம் வெள்ளிக்குரிய அடையாளம். துத்தநாக ஆக்சைடுக்கு அது பொருந்தாது. மூன்றாம் முகவை இதைக் கண்முன் காட்டும்.

பிறகு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை, அதாவது 100 மில்லிலிட்டருக்கு 4 கிராம் கரைத்ததை, சொட்டுச் சொட்டாகச் சேர்த்து பிஎச் 10 வரை கொண்டுசெல்லுங்கள். வேகமாக ஊற்றினால் காரம் விழும் இடத்தில் மட்டும் செறிவு திடீரென்று உயர்ந்து, பெருந்துகளும் சிறுதுகளும் கலந்த கட்டிகள் உருவாகும்.

கணக்குப்படி 0.01 மோல் துத்தநாகத்துக்கு 20 மில்லிலிட்டர் காரம் தேவை. சாற்றின் அமிலக் கூறுகளுக்காகச் சற்றுக் கூடுதலாகும். பத்துப் பன்னிரண்டு மில்லிலிட்டரிலேயே மானி 10 காட்டினால் எடையிலோ மானியிலோ பிழை உள்ளது. மானியை 7, 10 ஆகிய இரு தாங்கல் கரைசல்களிலும் அன்றன்றே சரிபார்க்க வேண்டும். காலையில் அறை 12 டிகிரியிலும் முகவை 60 டிகிரியிலும் இருக்கும் ஊரில், வெப்பநிலைத் திருத்தம் இல்லாத மானியை நம்ப முடியாது. சிறிதளவு எடுத்து அறை வெப்பநிலைக்கு ஆறவைத்து அளவிடுங்கள்.

பிஎச் 7 அல்லது 8-இல் நிறுத்தினால் அசிட்டேட் கலந்த அடுக்குப் படிகங்கள் தங்கிவிடும். 12-ஐத் தாண்டினால் வீழ்படிவு சிங்கேட் என்னும் கரையும் துத்தநாகச் சேர்மமாக மாறிக் கரையத் தொடங்கி விளைச்சல் குறையும். 10-இல் நிறுத்தி, 60 டிகிரியிலேயே இரண்டு மணி நேரம் கலக்கிக்கொண்டிருங்கள்.

7. கழுவுதலும் உலர்த்துதலும்

மைய விலக்கியில் பிரித்து, மூன்று முறை வாலை வடிநீரிலும் இரண்டு முறை எத்தனாலிலும் கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் அடியில் படிந்ததை முழுவதும் கலக்கிவிட வேண்டும்; மேல்நீரை மட்டும் மாற்றுவது கழுவுதல் ஆகாது. சோடியம் அசிட்டேட் தங்கினால் உலையில் அது சோடியம் கார்பனேட்டாகி, பின்னர் பாக்டீரியா ஆய்வில் காரத்தன்மையால் பொய்யான விளைவைத் தரும். கடைசியில் எத்தனால் சேர்ப்பதற்குக் காரணம், அதன் பரப்பு இழுவிசை நீரைவிடக் குறைவு; உலரும்போது துகள்களை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டியாக்குவதில்லை.

எத்தனால் ஆவி வெளியேற வசதியுள்ள உலர்ப்பியில் 80 டிகிரியில் இரவு முழுவதும் உலர்த்தி, அகேட் குழியம்மியில் மெல்ல அரையுங்கள். இப்போது தூளை இரண்டு பங்காக்க வேண்டும். ஒரு பங்கு உலைக்குப் போகாமல் இப்படியே உலர்கலனில் இருக்கட்டும்.

8. உலையில் சுடுதல்

மற்றப் பங்கை மூசையில் மெல்லிய படலமாகப் பரப்பி, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றி, 450 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, உலைக்குள்ளேயே ஆறவிடுங்கள். வேகமாக ஏற்றினால் கரிமப்பொருள் முழுவதும் எரியாமல் கரியாகத் தங்கும். சாம்பல் நிறமோ பழுப்போ அதன் அடையாளம். சூடாக இருக்கும்போது தூள் மஞ்சளாகத் தோன்றி ஆறியபின் வெண்மையானால் கவலை வேண்டாம். அது துத்தநாக ஆக்சைடின் இயல்பு. இடையில் மின்சாரம் நின்றுபோனால் நேரத்தையும் வெப்பநிலையையும் குறித்துவைத்து, அந்தத் தொகுதியைத் தனியே வையுங்கள்.

ஒரு முகவைத் தூள் முழுவதையும் சுட்டால் விளைச்சல் 0.81 கிராமுக்கு மேல் போக முடியாது; பாதியைச் சுட்டால் அதில் பாதிக்கு மேல் போக முடியாது. அதைவிடக் கூடுதலாக எடை வந்தால் உப்போ கரியோ ஈரமோ இருக்கிறது. ஆறிய தூளை உடனே உலர்கலனுக்கு மாற்றுங்கள். இது காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து மேற்பரப்பில் கார்பனேட் படலத்தை உண்டாக்கும், மலைக்காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

ஒரே நேரத்தில் "450 டிகிரியில் சுட்டேன்" என்றும் "என் துகள் மூலிகைப் பூச்சு கொண்டது, ஆகவே மருத்துவ குணம் மிக்கது" என்றும் எழுத முடியாது. அந்த வெப்பத்தில் டானினும் ஃபிளேவனாய்டும் எரிந்துபோயிருக்கும். பூச்சு வேண்டுமானால் சுடாத பங்கைப் பயன்படுத்த வேண்டும். தூய படிகம் வேண்டுமானால் சுட்ட பங்கை. எது எதற்கு என்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே தூளைப் பிரிக்கச் சொன்னேன்.

9. கிடைத்தது என்ன என்று உறுதிசெய்தல்

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முதன்மையான சோதனை. செம்புக் கதிரில் 31.8, 34.4, 36.3, 47.5, 56.6, 62.9, 68.0 பாகைகளில் துத்தநாக ஆக்சைடின் வுர்ட்சைட் என்னும் அறுகோணப் படிக அமைப்புக்குரிய முகடுகள் தெரிய வேண்டும். 10 பாகைக்குக் கீழே முகடு தெரிந்தால் அசிட்டேட் அடுக்குப் படிகம் இருக்கிறது.

ஷெரர் சமன்பாட்டில் படிக அளவைக் கணக்கிடும்போது முகட்டின் அரை உயர அகலத்தை ரேடியனுக்கு மாற்ற மறப்பதே அடிக்கடி நேரும் பிழை. 36.25 பாகையில் அகலம் 0.40 பாகை என்றால், ரேடியனில் அது 0.00698. மாறிலி 0.9, அலைநீளம் 0.15406 நானோமீட்டர், பாதிக்கோணத்தின் கொசைன் 0.950 என்று இட்டால் சுமார் 21 நானோமீட்டர் வரும். கருவியால் ஏற்படும் அகலத்தைக் கழித்த பிறகே இதை எழுத வேண்டும். மேலும் இது படிகத்தின் அளவு; துகளின் அளவை மின்னணு நுண்ணோக்கிதான் காட்டும். ஒளிச்சிதறல் முறை நீரில் திரண்ட கூட்டத்தின் அளவைத் தருவதால் அது எப்போதும் பெரிதாகவே இருக்கும். மூன்று எண்களும் வேறுபடுவது இயல்பு. ஒன்றை மட்டும் தேர்ந்து மற்றவற்றை மறைப்பதுதான் தவறு.

புற ஊதா நிறமாலையில் 350 முதல் 380 நானோமீட்டருக்குள் உட்கவர்தல் தெரியும். அகச்சிவப்பு நிறமாலையில் துத்தநாகம் – ஆக்சிஜன் பிணைப்பு 400 முதல் 550 அலையெண்ணுக்குள் வரும். 2,350 அருகில் வருவது அறைக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு, அதைத் தாவரத்துக்கு உரியதாக்காதீர்கள்.

மாதிரியைக் கீழே உள்ள ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும்போது, மலையில் மூடிய சீசாவைச் சமவெளியில் திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து தூளைக் கிளப்பும். மூடியை மெல்லத் தளர்த்தி, சற்றுப் பொறுத்துத் திறக்கச் சொல்லி உறையின் மேலேயே எழுதுங்கள்.

10. மருத்துவப் பயனுக்கான முதற்கட்ட ஆய்வு

இது பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில், நுண்ணுயிர் ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. தயாரித்த தூளைத் தோலிலோ புண்ணிலோ தடவிப் பார்ப்பதற்கு எந்தச் சூழலிலும் இடமில்லை. தோல் அரிப்புக்குத் தடவும் கலமைன் லோஷனில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது என்பது உங்கள் தூளுக்கு உரிமம் ஆகாது.

நுண்ணுயிர் நீக்கத்தில் மீண்டும் உயரம் குறுக்கிடும். நீராவி அழுத்தத்தில் நுண்ணுயிர் நீக்கும் கலனான ஆட்டோகிளேவின் அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு காட்டும்போது சமவெளியில் உள்ளே 121 டிகிரி இருக்கும். உதகையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாதலால் ஏறத்தாழ 117 டிகிரிதான் இருக்கும். 121 டிகிரி வேண்டுமானால் மானி 18.5 அளவில் நிற்க வேண்டும். கருவி அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்திருந்தால் மட்டும் அவ்வாறு செய்யலாம். இல்லையேல் நேரத்தைக் கூட்டி, வெப்பம் தாங்கும் பாக்டீரிய வித்துகள் கொண்ட உயிரிச் சுட்டி வில்லைகளால் உறுதிசெய்யுங்கள். "ஊடகத்தில் எப்போதும் ஏதோ வளர்கிறது" என்று மலைக் கல்லூரிகளில் கேட்கும் குறைக்கு இதுவும் ஒரு காரணம்.

சுட்ட தூளை 160 டிகிரி உலர் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்துத் தூய்மையாக்கலாம். சுடாததை அப்படிச் செய்தால் பூச்சு மாறிவிடும். துகள் கலவையை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தாதீர்கள். திரண்ட துகள்கள் அதிலேயே தங்கி, கீழே வருவது வெறும் நீராக இருக்கும்.

அகாரில் குழியிட்டுத் தடை வளையம் அளப்பது எளிது என்றாலும், கரையாத துகள் அகாரில் பரவாது. வளையம் தெரிந்தாலும் அது பெரும்பாலும் கரைந்த துத்தநாக அயனியின் வேலை. ஆகவே முல்லர் – ஹின்டன் நீர்ம ஊடகத்தில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் காண்பது மேல். தர வகைகளான ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 29213, எஸ்செரிச்சியா கோலை ஏடிசிசி 25922 ஆகியவற்றை 0.5 மெக்ஃபார்லண்டு என்னும் தரக் கலங்கல் அளவுக்குக் கொண்டுவந்து, கிணறுகளில் மில்லிலிட்டருக்கு 5 இலட்சம் செல்கள் இருக்கும்படி நீர்க்கச் செய்யுங்கள். துகளே கலங்கலாக இருப்பதால் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல இயலாது. ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் அகாரில் பரப்பி உயிருள்ளவற்றை எண்ண வேண்டும்.

ஒப்பு மாதிரிகள் இங்கும் உயிர்நாடி. சாறு மட்டும், இரண்டாம் முகவைத் தூள், கடையில் வாங்கிய சாதாரணத் துத்தநாக ஆக்சைடு, அதே அளவு துத்தநாகம் உள்ள அசிட்டேட் கரைசல் ஆகிய நான்கும் தேவை. 100 மைக்ரோகிராம் ஆக்சைடுக்கு இணையானது 270 மைக்ரோகிராம் அசிட்டேட் டைஹைட்ரேட். அசிட்டேட்டும் அதே விளைவைத் தந்தால் உங்கள் துகள் அயனியை வழங்கும் பொருளாக மட்டும் செயல்படுகிறது என்று எழுதுங்கள். அது தோல்வி இல்லை, மதிப்புள்ள கண்டுபிடிப்பு.

செல் நச்சுத்தன்மை ஆய்வை அதற்குரிய வசதியுள்ள ஆய்வகத்திடம் ஒப்படைப்பது நல்லது. உயிருள்ள செல்கள் ஒரு சாயத்தை நிறம் மாற்றுவதை அளக்கும் எம்டிடி முறையில் செய்தால், செல்லே இல்லாத கிணற்றில் துகளையும் சாயத்தையும் மட்டும் இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துகளும் அதன் தாவரப் பூச்சும் சாயத்தோடு தாமே வினைபுரியக்கூடும். ஐஎஸ்ஓ 10993-5 நெறிப்படி உயிர்ப்பு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தச் செறிவு நச்சு எனக் கொள்ளப்படும். பாக்டீரியாவைத் தடுக்கும் செறிவும் மனிதச் செல்லைக் கொல்லும் செறிவும் ஒன்றாக இருந்தால், மருத்துவப் பயன் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

11. கழிவு

கழுவிய நீர், மிச்சக் கரைசல், முகவை அலசிய நீர் அனைத்தையும் ஒரு கலனில் சேருங்கள். துத்தநாகம் மீன்களுக்கும் பாசிகளுக்கும் நஞ்சு; உதகையின் கால்வாய்கள் ஓடைகளாகி, மாயாற்றிலும் பவானியிலும் சேர்கின்றன. "பசுமை முறை" என்று பெயரிட்டுச் செய்த வேலையின் கழிவைத் தொட்டியில் ஊற்றுவதை ஏற்க முடியாது.

கலனின் பிஎச் மதிப்பை 9-க்கும் 10-க்கும் இடையே கொண்டுவந்து ஒரு நாள் அசையாமல் வைத்தால் பெரும்பகுதித் துத்தநாகம் அடியில் படியும். படிந்ததை வடித்து உலர்த்தி, பெயர், தேதி, எடை எழுதிய புட்டியில் மூடி வைத்து, மேல்நீரையும் தனிக் கலனில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்திடம் கல்லூரி வழியாக ஒப்படையுங்கள். பாக்டீரியா வளர்த்த தட்டுகளை இதோடு கலக்காமல், மேலே சொன்ன அழுத்தத் திருத்தத்தோடு ஆட்டோகிளேவ் செய்தபின் மருத்துவக் கழிவாக அனுப்ப வேண்டும். எத்தனால் கழுவல்களை வேறொரு புட்டியில், நெருப்பிலிருந்து விலக்கி வையுங்கள்.